ஊர் மாறியாச்சு... லைசென்ஸில் முகவரி மாறியாச்சா?

வேறு மாநிலத்தில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள், தமிழ்நாட்டில் இருந்து பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று வேலைக்குப் போனவர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் எல்லோரும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இந்தப் பதிவைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு சகோதரர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

"சார், நான் கேரளாவுல லைசென்ஸ் எடுத்தேன். இப்போ கோயம்புத்தூர்ல வேலை, குடும்பமும் இங்க வந்துருச்சு. இந்த லைசென்ஸ் இங்க செல்லுமா? மாத்தணுமா? திரும்ப எட்டு போட்டுக் காட்டணுமா?"

டாக்டர்கிட்ட ஏன் இதைக் கேட்கிறார் என்று சிலருக்குத் தோணலாம். இது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 13. இந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். அவ்வளவுதான். கேரளாவில் எடுத்தாலும் காஷ்மீரில் எடுத்தாலும், அதில் இருக்கும் காலாவதித் தேதி வரை கன்னியாகுமரியில் ஓட்டலாம். முகவரி வேறு மாநிலமாக இருப்பதால் மட்டும் அது "லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது" ஆகாது. ஊர் மாறினதுக்காகத் திரும்ப எட்டு போட வேண்டியதும் இல்லை.

"அப்போ மாத்த வேண்டாம்னு சொல்றீங்களா சார்?"

இல்லை. கட்டாயம் மாத்துங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு. செக்கிங்கில் நிற்கும் காவலருக்கு உங்கள் பழைய முகவரி போதும். ராத்திரி கேஷுவால்டியில் நிற்கும் எங்களுக்குப் போதாது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், நான் பிறந்து வளர்ந்தது, எம்.பி.பி.எஸ். படித்தது எல்லாம் கர்நாடகாவில். 2008-ல் கல்லூரியில் படிக்கும்போது அங்கேயே டூவீலருக்கும் காருக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்தேன். அப்போதைய விதிப்படி 20 வருடம் செல்லும். பிறகு தமிழ்நாடு அரசுப் பணி கிடைத்து, மூன்று மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் இந்த எல்லை மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

டாக்டராக ஊர் மாறுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணைக் காட்டினால்தான் இங்கே அரசு வேலை. ஊசி போடும் லைசென்ஸுக்கு இத்தனை படி ஏறி இறங்கினேன். ஸ்டியரிங் பிடிக்கும் லைசென்ஸை யாரும் கேட்கக்கூட இல்லை.

ஆனாலும் வந்த மூன்றாவது மாதமே அதில் முகவரியை மாற்றிவிட்டேன். காரணம், அதற்கு முந்தைய வாரம் பார்த்த ஒரு நைட் டூட்டி.

(நோயாளியின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரவு ஒன்பது மணி இருக்கும். 108-ல் ஒரு தம்பியைக் கொண்டு வந்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பைக் விபத்து. தலையில் அடி, சுயநினைவு இல்லை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

இந்த மாதிரி நேரத்தில் யார், எந்த ஊர், யார் பணம் கட்டுவார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். இந்த வரிசைதான். உயிருக்கு ஆபத்தோடு வருபவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை அப்புறம் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் இருந்து "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது.

ஆக, சிகிச்சைக்கு அட்ரஸ் வேண்டாம். ஆனால் சிகிச்சைக்குத் தகவல் வேண்டும்.

ஒருபக்கம் ஏ.ஆர். எழுதிக்கொண்டே, அவுட்போஸ்ட் போலீஸ்காரரை வைத்துப் பர்ஸைத் திறந்தோம். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய், ஒரு சாமி படம், ஒரு ஆந்திரா லைசென்ஸ். செல்போன் திரை நொறுங்கிப் போயிருந்தது, அதுவும் லாக். வண்டி நம்பரை வைத்துப் பார்த்தால், அது செகண்ட் ஹேண்ட் வண்டி. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில். "புரோக்கர்கிட்ட வித்துட்டேன் சார், யார் வாங்கினாங்கன்னு தெரியாது" என்று அவர் போனில் சொல்லிவிட்டார்.

லைசென்ஸில் இருந்த முகவரிக்கு உட்பட்ட ஆந்திரா காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. அந்த ராத்திரியில் அவர்களும் ஒருவரை அந்தத் தெருவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது, குடும்பம் ஊரைக் காலி பண்ணி வருடக்கணக்காகிறது என்று பதில் வந்தது.

பெயர் கையில் இருக்கிறது. ஆள் யார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு பிரச்சனை. சி.டி. ஸ்கேனில் மூளையில் சின்ன ரத்தக்கட்டுதான். வயிற்றை ஸ்கேன் செய்தோம், ரத்தக் கசிவு இல்லை. நெஞ்சு, இடுப்பு எலும்பு எல்லாம் சரி. ஆனால் ரத்த அழுத்தம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. சலைன் ஏற்றியாச்சு, ரத்தம் ஏற்றியாச்சு, அழுத்தத்தை ஏற்றும் மருந்தும் ஓடிக்கொண்டு இருக்கிறது. மருந்தைக் கொஞ்சம் குறைத்தால் உடனே 80-க்கு இறங்குகிறது. கூடவே சர்க்கரையும் குறைகிறது. எங்கேயோ ரத்தம் போகிறதா என்று விடிய விடியத் திரும்பத் திரும்பத் தேடினோம்.

காலை பத்தரை மணிக்கு ஒரு அம்மா ஓடி வந்தார். ஆந்திராவில் அந்தத் தெருக்காரர் ஒருவர் வழியாகத் தாய்மாமன் நம்பர் கிடைத்து, அவர் மூலமாக விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ராத்திரி ஷிப்டு போட்டுட்டாங்கன்னு நினைச்சேன் சார். விடிஞ்சும் வரல. போன் போகல. கம்பெனிக்குப் போனேன், ஸ்டேஷனுக்குப் போனேன்..." தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

நான் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, தம்பி ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஆமா சார். கிட்னியில புரோட்டீன் போகுதுன்னு ரெண்டு வருஷமா சாப்பிடுறான்" என்று சொல்லி, துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

பிரெட்னிசலோன். ஸ்டீராய்டு.

மருத்துவம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி அட்ரினல் என்று ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரப்பது அதன் வேலைகளில் ஒன்று. விபத்து, ஆபரேஷன், கடும் காய்ச்சல் என்று உடம்புக்கு ஒரு பெரிய அடி விழும்போது அந்தச் சுரப்பி பல மடங்கு அதிகமாகச் சுரந்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, "வெளியில் இருந்துதான் வருதே" என்று அந்தச் சுரப்பி தூங்கிப் போய்விடும். அப்படிப்பட்டவருக்கு விபத்து நடந்து, மாத்திரையும் நின்றுபோனால்? தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. ரத்த அழுத்தம் கீழே, சர்க்கரை கீழே.

ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டோம். விலை குறைந்த, எல்லா அரசு மருத்துவமனையிலும் இருக்கும் ஊசி. அன்று சாயங்காலத்துக்குள் ரத்த அழுத்தம் தன் காலில் நிற்க ஆரம்பித்தது. நான்காம் நாள் அந்தத் தம்பி கண் திறந்து அம்மாவைப் பார்த்தார். கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீடு எங்கே தெரியுமா?

எங்கள் மருத்துவமனையில் இருந்து ஆறு கிலோமீட்டர்.

தகவல் அடுத்த மாநிலத்துக்குப் போய், அங்கே ஒரு பூட்டிய கதவைத் தட்டி, மாமாவைத் தேடி, திரும்பி வந்து சேர பதிமூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த அம்மா அத்தனை நேரமும் ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடத்தில் வந்துவிடும் தூரத்தில்தான் இருந்திருக்கிறார். அந்த மாத்திரை அட்டையும் அதே வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில்.

டிஸ்சார்ஜ் அன்று தம்பியிடம் கேட்டேன். "ஏம்பா, இங்க வந்து அஞ்சு வருஷம் ஆச்சுங்கிற. ஆதார்ல அட்ரஸ் மாத்தியிருக்க, ரேஷன் கார்டு மாத்தியிருக்க. லைசென்ஸ்ல மட்டும் ஏன் மாத்தல?"

"ஆந்திரா லைசென்ஸ் இங்கயும் செல்லும்னு சொன்னாங்க சார். அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னது சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் இந்தப் பதிவு.

சரி, இப்போது சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

"லைசென்ஸ்ல பிளட் குரூப் இருக்கே சார், அதுதானே உங்களுக்கு முக்கியம்?"

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கார்டில் ஓ பாசிட்டிவ் என்று போட்டிருப்பதை நம்பி எந்த டாக்டரும் ரத்தம் ஏற்ற மாட்டார். அது நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது. ரத்த வங்கியில் உங்கள் ரத்தத்தை எடுத்து, குரூப் பார்த்து, தானம் தந்தவர் ரத்தத்தோடு சேர்த்துப் பொருந்துகிறதா என்று சோதித்த பிறகுதான் ஏற்றுவோம். அதற்கும் நேரம் இல்லாத அவசரம் என்றால் ஓ வகை ரத்தம் கொடுத்துச் சமாளிப்போம்.

பிளட் குரூப்பை நாங்களே கண்டுபிடித்துவிடுவோம். உங்கள் அம்மாவை நாங்களே கண்டுபிடிக்க முடியாது. அதனால் அந்தக் கார்டில் எங்களுக்கு மிகவும் பயன்படுவது முகவரியும், அவசரத் தொடர்பு எண்ணும்தான்.

"நான் டிஜிலாக்கர்ல வச்சிருக்கேன் சார், கார்டே எடுத்துட்டுப் போறதில்ல."

சட்டப்படி அதுவும் சரி. 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டிஜிட்டல் ஆவணத்தைக் காட்டினாலே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் டிஜிலாக்கர் போனுக்குள் இருக்கிறது. போன் லாக்கில் இருக்கிறது. லாக் திறக்க வேண்டிய ஆள் ஸ்ட்ரெச்சரில் இருக்கிறார். போலீஸ் செக்கிங்குக்கு டிஜிலாக்கர் போதும். உங்களுக்காக ஒரு கார்டு பர்ஸில் இருக்கட்டும்.

"சரி சார், எப்படி மாத்தறது?"

நான் செய்ததை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஆதாரில் புது முகவரியை மாற்றிவிடுங்கள். அதுதான் சாவி. அதை முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

2. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில், ஓட்டுநர் உரிமத்துக்கான சாரதி பகுதிக்குப் போங்கள். மாநிலத்தைத் தேர்வு செய்யச் சொல்லும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லைசென்ஸ் எடுத்த மாநிலத்தை அல்ல, இப்போது குடியிருக்கும் மாநிலத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பழைய ஊருக்கு ரயில் ஏற வேண்டாம்.

3. லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் விவரம் வர வேண்டும். வரவில்லை என்றால், அந்தக் காலத்துப் புத்தக லைசென்ஸ், பழைய காகித லைசென்ஸ் எதுவும் கணினியில் ஏறாமல் இருக்கலாம். அப்போது மட்டும் முதலில் லைசென்ஸ் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றச் சொல்ல வேண்டும். இதை இன்றே ஒருமுறை தேடிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

4. மொபைல் எண். பழைய மாநிலத்து சிம் கார்டை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பீர்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். அதே தளத்தில் மொபைல் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. முதலில் அதை முடியுங்கள்.

5. முகவரி மாற்றத்துக்கு மத்திய விதிப்படி கட்டணம் 200 ரூபாய். கார்டுக்கும் சேவைக்கும் ஆகும் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லைசென்ஸ் காலாவதி ஆகப் போகிறது என்றால், புதுப்பித்தலையும் முகவரி மாற்றத்தையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்தே தேர்வு செய்யலாம். இரண்டு தடவை அலைய வேண்டாம்.

6. அவசரத் தொடர்பு எண் கேட்கும் கட்டத்தை வெறுமனே தாண்டிப் போகாதீர்கள். உங்களுடைய இன்னொரு நம்பரையே அதில் போடாதீர்கள். உங்களோடு ஒரே போனில், ஒரே பைக்கில் சுற்றும் நண்பர் நம்பரும் வேண்டாம். தெரியாத எண்ணில் இருந்து ராத்திரி அழைப்பு வந்தாலும் எடுக்கக்கூடிய ஒருவர், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்த ஒருவர். அவர் நம்பரைப் போடுங்கள். நான் என் மனைவி நம்பரைப் போட்டேன்.

ஆதார் வழியாக, அலுவலகத்துக்கு நேரில் போகாமலே செய்துகொள்ளக்கூடிய சேவைகளில் லைசென்ஸ் முகவரி மாற்றத்தையும் மத்திய அரசு 2021-லேயே சேர்த்துவிட்டது. நடைமுறையில் சில அலுவலகங்களில் அசலைக் காட்டச் சொல்வார்கள். நான் ஒரு நாள் காலை போனேன். கவுண்டரில் இருந்த அக்கா அசலைச் சரிபார்த்தார், போட்டோ எடுத்தார், அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். புரோக்கர் வேண்டியிருக்கவில்லை. கார்டு தபாலில் வீடு வந்து சேர்ந்தது. லைசென்ஸ் எண் அதே பழைய கே.ஏ. எண்தான். முகவரி மட்டும் தமிழ்நாடு.

இனி நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு.

புதுப்பித்தலோடு சேர்த்து விண்ணப்பித்தால் படிவம் 1-ஏ என்று ஒரு மருத்துவச் சான்று கேட்பார்கள். அதில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு நான்கு பேராவது அந்தத் தாளோடு ஓ.பி.க்கு வருகிறார்கள்.

"சும்மா ஒரு கையெழுத்து சார். எனக்கு ஒண்ணும் இல்ல. முப்பது வருஷமா ஓட்டறேன்."

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தால் "சும்மா" என்று சொல்ல மாட்டீர்கள். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? மாலைக்கண் இருக்கிறதா? ஹாரன் சத்தம் கேட்கிறதா? கை கால்களில் பலக்குறைவு உண்டா? வலிப்பு, திடீர் மயக்கம் வருமா? இதில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உயிர். ஓட்டுகிறவரின் உயிராக இருக்கலாம். ரோட்டைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.

எங்கள் ஓ.பி. வாசலில் இருந்து எதிரே இருக்கும் வேப்பமரம் வரை டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். சரியாக 25 மீட்டர். மரத்தடியில் எப்போதும் வண்டிகள் நிற்கும். வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, "அந்த வண்டி நம்பரைப் படிங்க" என்பேன்.

ஒரு அண்ணன், 52 வயது. மகனோடு வேறு மாநிலத்தில் இருந்து இங்கே குடிவந்தவர். முகவரி மாற்றம், புதுப்பித்தல் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்திருந்தார். வாசலில் நின்று மரத்தடியைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அங்கேயே நில்லுங்கண்ணே."

"வண்டி தெரியுது சார்... நம்பர்தான்..."

கையெழுத்துப் போடவில்லை. கோபமாகத்தான் பார்த்தார். "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பண்றீங்களே" என்றார். கண் பிரிவுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக லென்ஸ் வைத்து, ஒரு கண் முடித்து, இடைவெளி விட்டு இன்னொரு கண்ணும் முடிந்தது. பிறகு அவரே வந்து வாசலில் நின்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே மரத்தடியில் இருந்த மூன்று வண்டி நம்பர்களையும் வரிசையாகப் படித்தார். 50-க்கு மேல் 55-க்குள் புதுப்பித்தால் இப்போதைய விதிப்படி 60 வயது வரை செல்லும். அவருக்கு அறுபது வரை லைசென்ஸும் கிடைத்தது, பேரனின் முகமும் தெளிவாகக் கிடைத்தது.

ஆகவே உறவுகளே, அந்தத் தாளில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தரும் இடத்தைத் தேடிப் போகாதீர்கள். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு செக்கப்.

லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டதா? புதுப்பிக்க, காலாவதிக்கு ஒரு வருடம் முன்பில் இருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதி ஆகி ஒரு வருடம் தாண்டிவிட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். அப்போது நிஜமாகவே எட்டு போட வேண்டும். அதுவரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் உறுப்பு தானம் பற்றி ஒரு கேள்வி வரும். உங்கள் விருப்பம் எதுவோ அதைக் குறியுங்கள். ஆனால் கார்டில் "ஆம்" என்று இருந்தாலும், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தாரிடம் பேசி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் நாங்கள் அடுத்த அடி வைப்போம். அதனால் கார்டில் சொன்னதை வீட்டிலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். குடும்பத்தை நேரத்துக்குக் கண்டுபிடிக்கவும் அந்த முகவரிதான் உதவும்.

வண்டி பற்றி இரண்டே வரி. லைசென்ஸ் வேறு, வண்டிப் பதிவு வேறு. வேறு மாநில நம்பர் வண்டியைத் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், பழைய ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி இங்கே புது நம்பர் எடுத்து, வரியும் கட்ட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரும் விடாமல் கேட்டு மாற்ற வையுங்கள்.

கடைசியாக, ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமலேயே இன்று ராத்திரி தூங்குவதற்கு முன் செய்யக்கூடிய மூன்று விஷயங்கள்:

ஒன்று. உங்கள் போனில் லாக் திரையிலேயே தெரியும்படி அவசரத் தகவல் பதியும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது. பெயர், ஒரு தொடர்பு எண், முக்கியமான நோய், மாத்திரை. லாக் திறக்காமலே நாங்கள் பார்க்கலாம்.

இரண்டு. ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதில் எது எடுத்துக்கொண்டாலும், மருந்துக்கு அலர்ஜி இருந்தாலும், ஒரு சின்னத் தாளில் எழுதி லைசென்ஸுக்குப் பின்னால் மடித்து வையுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, கையெழுத்து புரிந்தால் போதும். (டாக்டர் சொல்கிறார் பாருங்கள், கையெழுத்தைப் பற்றி!)

மூன்று. வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைக்கு இப்போதே போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சாமி, உன் லைசென்ஸ்ல எந்த அட்ரஸ் இருக்கு?"

ஹெல்மெட் போடுங்கள். சீட் பெல்ட் போடுங்கள். ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்கு அழையுங்கள். உதவுகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வேறு மாநிலத்தில் இருந்து மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை நாள் ஆச்சு, என்ன கேட்டார்கள் என்று எழுதினால் அடுத்தவர்களுக்கு உதவும்.